எஞ்சினிலிருந்து சக்கரம் வரை: கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம்பர் பிளேட்டில் டிஎன் 31 இருந்தாலும் பிஒய் 01 இருந்தாலும் ஒர்க்‌ஷாப் வாசலில் கேட்கப்படும் கேள்விகள் ஒன்றுதான். மைலேஜுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் வருவது "ஃப்ரன்ட் வீலா, ரியர் வீலா, ஃபோர் வீலா, இல்லை பேசாமல் இவி வாங்கிடலாமா" என்பது. எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றி வண்டியை நகர்த்துகிறது என்பதுதான் முதல் மூன்றும்; இவி என்றால் மின்சாரக் கார். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எஞ்சினோ மோட்டாரோ எவ்வளவு இழுத்தாலும், ரோட்டில் இறங்குவது டயர் பிடிக்கிற அளவுதான். கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

எஞ்சினை நேராகச் சக்கரத்தோடு இணைத்தால் என்ன? நடுவில் இத்தனை சாமான் எதற்கு?

பெட்ரோல், டீசல் எஞ்சினுக்கு இரண்டு குறைகள் உண்டு. நின்ற இடத்திலிருந்து அதனால் இழுக்க முடியாது. நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். அடுத்தது, நல்ல இழுவை கிடைப்பது ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்துக்குள்தான். முதல் குறைக்காகத்தான் கிளட்ச், இரண்டாவதற்காகத்தான் கியர்பாக்ஸ்.

கணக்காகப் பார்த்தால் தெளிவாக விளங்கும். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்று 110 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கியர் அதை ஏறக்குறைய 3.5 மடங்காக்கும். கடைசியில் இருக்கும் பல்சக்கர ஜோடி (பின் சக்கர வண்டியில் இதற்குக் கிரவுன் பினியன் என்று பெயர்) இன்னொரு 4 மடங்காக்கும். ஆக சக்கரத்துக்குப் போவது 1,540. சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர் என்றால், தேய்மானத்தில் போவதை விட்டுவிட்டால், ரோட்டைத் தள்ளும் விசை 5,100 நியூட்டனுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 520 கிலோ எடைக்குச் சமம். அதே எஞ்சின் ஐந்தாம் கியரில் (0.75 மடங்கு) தள்ளுவது 110 கிலோ எடை அளவுக்குத்தான். எஞ்சின் தரும் திறன் அதேதான். கியர் மாறும்போது இழுவையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம்.

இனி டயர் பக்கம் வாருங்கள். ஆயிரம் கிலோ கார், முன் சக்கரங்கள் மேல் 600 கிலோ பாரம். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர் அந்தப் பாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் பிடித்துக்கொள்ளும், அதாவது 450 கிலோவுக்கு மேல். ஈர ரோட்டில் இது வெகுவாகக் குறையும். ஐப்பசி மழையில் செம்மண்டலம் சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் கியரில் ஓங்கி மிதித்தால் முன் சக்கரம் 'சர்ர்' என்று சுழல்வதற்குக் காரணம் இதுதான். எஞ்சின் கொடுத்ததை டயரால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

என் வண்டி முன் சக்கரமா, பின் சக்கரமா? எது நல்லது?

ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10, பலேனோ என்று வீட்டுக்கு வாங்கும் சின்னக் கார் ஏறக்குறைய எல்லாமே முன் சக்கரம்தான். ஈக்கோ, பொலிரோ, இன்னோவா கிரிஸ்டா, பிக்கப் வகைகள் பின் சக்கரம். பழைய அம்பாசடரும் ஃபியட்டும் பின் சக்கரம்தான். 1983-ல் மாருதி 800 வந்த பிறகுதான் நம் ஊரில் முன் சக்கர வண்டி சகஜமானது. உலக அளவில் அதைப் பெருவாரியாக விற்றுக் காட்டியதில் முக்கியமானது பிரான்ஸின் சிட்ரோயன். அவர்களுடைய 'திராக்ஸியோன் அவாந்' வெளிவந்தது 1934-ல். அன்றைக்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது.

முன் சக்கர வண்டியில் எஞ்சின் குறுக்காகப் படுத்திருக்கும். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டும் அதோடு ஒரே கூட்டில் ஒட்டியிருக்கும். அங்கிருந்து இரு பக்கமும் இரண்டு ஆக்ஸில், அவ்வளவுதான். பின்னால் ஓடும் நீண்ட ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிடையாது, அதனால் நடு இருக்கையில் உட்காருபவர் காலுக்கு நடுவில் மேடு இல்லை. எடை குறைவு, விலை குறைவு, எஞ்சின் பாரமும் இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இருக்கிறது. நாலு பேர் போய்வர இதைவிட வேறு வேண்டியதில்லை.

பாரம் ஏற்றினால் கதை மாறும். பண்ருட்டியில் பலாப்பழத்தை வாய் முட்ட ஏற்றிய பிக்கப்பில் எடை முழுக்கப் பின் ஆக்ஸில் மேல். ஏற்றம் ஏறும்போது அது இன்னும் பின்னுக்கே சாயும். எந்தச் சக்கரத்தின் மேல் பாரமோ அந்தச் சக்கரம்தான் பிடிக்கும். ஆகவே பின் சக்கரம்தான் இழுக்க வேண்டும். அதே பிக்கப் காலியாகத் திரும்பும்போது ஈர ரோட்டில் பின்புறம் வழுக்குவதற்கும் காரணம் அதுவே. காலி வண்டி ஓட்டுகிற தம்பிமார் இதை நினைவில் வைத்தால் நல்லது.

டிஃபரன்ஷியல் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மையில் என்ன செய்கிறது?

மாட்டு வண்டிக்கு இது தேவைப்பட்டதில்லை. அதன் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாகச் சுழலும், இழுப்பது மாடு. காரில் சக்கரமே இழுக்க வேண்டும், ஆனால் திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும்.

எவ்வளவு அதிகம்? புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்தை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலம் என்றால், வெளிச்சக்கரம் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். ரவுண்டானா பெரிதோ சிறிதோ, இந்த 9.4 மாறாது, சக்கரங்களுக்கு நடுவிலுள்ள அகலம் மட்டும்தான் கணக்கு. ஒயிட் டவுனில் ஒரு தெருவிலிருந்து குறுக்குத் தெருவுக்குச் செங்குத்தாக ஒடித்தால் அதில் கால் பங்கு, அதாவது 2.35 மீட்டர், ஒரு சக்கரம் மற்றதைவிட ஒன்றேகால் சுற்று அதிகம். இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு டயர் ரோட்டில் தேய்ந்து இழுபடும்.

டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்துக்கொண்டே இரண்டு பக்கத்துக்கும் சமமான இழுவையை அனுப்புகின்றன. இதை வண்டிக்காக வடிவமைத்து 1827-ல் காப்புரிமை வாங்கியவர் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது பெட்ரோல் கார் என்பதே கிடையாது. அவர் செய்தது நீராவி வண்டிக்கு.

ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா 'டக் டக் டக்'னு சத்தம் வருது. என்ன அது?

ஆக்ஸிலின் வெளி முனையில் இருக்கும் சிவி ஜாயிண்ட். பத்தில் ஒன்பது தடவை அதுதான்.

முன் சக்கரம் ஒரே நேரத்தில் சுழலவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் மேலும் கீழும் ஆடவும் வேண்டும். லாரியில் இருக்கிற கிராஸ் ஜாயிண்டைப் போட்டால் கோணம் அதிகமாகும்போது சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை கூடிக் குறையும், ஸ்டியரிங் உதறும். அதனால் ஒரு கிண்ணத்துக்குள் ஆறு எஃகு குண்டுகளை வைத்து, எந்தக் கோணத்திலும் வேகம் மாறாமல் போகும்படி செய்திருக்கிறார்கள். கிண்ணம் நிறைய கருப்பு கிரீஸ். வெளியே மடிப்பு மடிப்பான ரப்பர் பூட், இரண்டு பக்கமும் கிளிப்.

கெடுவது எப்போதும் பூட்டில்தான் ஆரம்பிக்கிறது. மடிப்பில் ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கிழியும். சக்கரம் சுற்றச் சுற்ற கிரீஸ் வெளியே தெறிக்கும். ரிம்மின் உள்பக்கத்தில் கருப்பாக வட்டமாக அப்பியிருந்தால் இதுதான். பிறகு அந்த வழியாகவே மணலும் உப்புத் தண்ணீரும் உள்ளே போகும். தேவனாம்பட்டினத்திலும் முதுநகர் துறைமுகத்துப் பக்கமும் நிற்கிற வண்டிகளுக்கு இது சீக்கிரம் வருவதில் ஆச்சரியம் இல்லை. மணல் பட்ட குண்டு, தான் ஓடும் பள்ளத்தையே அரைத்துவிடும். ஒயிட் டவுன் தெருவில் சுவரை ஒட்டி யு-டர்ன் அடிக்கும்போதுதான் முதலில் அந்த 'டக் டக்' காதில் விழும்.

சத்தம் வருமுன் கண்டுபிடித்தால் பூட், கிரீஸ், கிளிப் மாற்றுவதோடு வேலை முடிந்தது. சத்தம் வந்துவிட்டால் பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஜாயிண்டையோ ஆக்ஸிலையோ மாற்றத்தான் வேண்டும். எந்தப் பக்கம் என்று பார்க்க, காலி இடத்தில் ஒரு முறை முழு இடது, ஒரு முறை முழு வலது ஒடித்து மெதுவாக இழுங்கள். வலது ஒடிக்கும்போது சத்தம் அதிகமானால் பெரும்பாலும் இடது பக்க ஜாயிண்ட். வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்தான் பாரம் விழுகிறது.

வேறு சத்தங்கள்?

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் 60, 80 கிலோமீட்டர் வேகத்தில் உடல் முழுக்க அதிர்ந்தால் உள்பக்க ஜாயிண்டைப் பாருங்கள். வேகத்துக்கு ஏற்ப 'ஊ...' என்று கூடினால், கால் எடுத்தாலும் நிற்காவிட்டால், சக்கர பேரிங். பின் சக்கர வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் இன்னொரு சுருதி என்றால் கிரவுன் பினியன் தேய்ந்திருக்கிறது. கியர் போட்டுக் கிளட்ச்சை விட்டதும் 'டொக்' என்றால் கிராஸ் ஜாயிண்டில் ஆட்டம் இருக்கலாம், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் போயிருக்கலாம். மவுன்ட்டை முதலில் பாருங்கள், அதுதான் மலிவு.

சில்வர் பீச் மணலில் ஒரு சக்கரம் மட்டும் சுத்துது, வண்டி நகரவே இல்லை. ஏன்?

டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சமமான இழுவைதான் தரும் என்றேன் அல்லவா, வினையே அதுதான். ஒரு சக்கரம் தளர்ந்த மணலில் மாட்டினால் அதைச் சுழற்ற ரொம்பக் கொஞ்சம் இழுவை போதும். கெட்டித் தரையில் நிற்கிற அடுத்த சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் போகும். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்.

காலை எடுங்கள். டயரில் காற்றைப் பாதியளவுக்கு இறக்குங்கள். டயர் தட்டையாகி அதிக இடத்தில் பதியும், அநேகமாக அதிலேயே வெளியே வந்துவிடலாம். சக்கரத்துக்கு முன்னால் உள்ள மணலைக் கையால் தள்ளிவிட்டுப் பலகையோ கால்மிதியோ போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக இழுங்கள். பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை நிதானமாகப் போய் காற்றை நிரப்புங்கள். புது வண்டிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் டிஃபரன்ஷியல் அடுத்த பக்கமும் இழுவையைக் கூட்டியாக வேண்டும். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

மணலில் வண்டியை இறக்குவதே எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் தை, மாசியில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வருகின்றன.

ஃபெஞ்சல் மழைக்குப் பிறகு 4x4 வாங்கிடலாம்னு தோணுது. வெள்ளத்துக்கு நல்லதா?

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அதன் பிறகு இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை எனலாம்.

என் பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். தண்ணீரில் கார் நிற்பதற்குக் காரணம் எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதல்ல. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான். பல சின்னக் கார்களில் அது ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாலு சக்கரமும் இழுத்தாலும் இதே கதிதான். மஹிந்திராவின் தார் வண்டி 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று அந்த நிறுவனம் சொல்வது அதன் உயரத்தாலும் காற்றுக் குழாயை வைத்த இடத்தாலும். அதுகூட நிற்கிற தண்ணீருக்குத்தான். ஓடும் வெள்ளத்தில் முழங்காலளவு தண்ணீரே சின்னக் காரைத் தூக்கிவிடும். தூக்கிய பிறகு டயருக்குப் பிடிக்கத் தரை ஏது?

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு இழுத்து வரச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலையும் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக ஓடிய ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

4x4 வேறு, ஏடபிள்யூடி வேறா? ஈசிஆரில் 4எச் போட்டு ஓட்டலாமா?

தார், ஜிம்னி போன்ற 4x4 வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) இருக்கிறது. 4எச் போட்டால் முன், பின் ஆக்ஸில் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுவதால், காய்ந்த தார் ரோட்டில் அந்த வித்தியாசம் போக வழியின்றி உள்ளே முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கேடு. ஆகவே ஈசிஆரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்தான். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 4எல் சேற்றுக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும்.

கிராண்ட் விடாராவின் ஏடபிள்யூடி (ஆல் வீல் டிரைவ்) போன்றவை முன் சக்கரத்தில் ஓடி, வழுக்கும்போது மட்டும் தானாகப் பின் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் பயமில்லை.

கேப்பர் மலை ஏற்றத்தில் என் ஏஎம்டி பின்னால் வழுக்குகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். உங்கள் இடது காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலரேட்டருக்குக் கால் மாறும் நேரத்தில் கிளட்ச் இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. ஹேண்ட்பிரேக் போட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டி இழுக்க ஆரம்பித்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்ச் பிளேட்டைத் தீய்க்கிறார்கள். மேனுவலில் ஹாஃப் கிளட்ச்சில் (கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி) நிற்பவர்களுக்கும் இதுவே.

ஆட்டோமேட்டிக்கிலேயே டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஆயில்தான் இழுவையைக் கடத்துகிறது. கிளம்பும்போது தேய பிளேட் இல்லை, அதனால் நெரிசலுக்கு நல்லது. சிவிடியில் இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவில் எஃகு பெல்ட்; கியர் என்று தனித்தனியாக இல்லை. இரட்டைக் கிளட்ச் வகை வேகத்தில் சுகம், ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். தினமும் மரப்பாலம் நெரிசலைத் தாண்டி வேலைக்குப் போகிறவர் என்றால் நான் டார்க் கன்வெர்ட்டர் அல்லது சிவிடிதான் சொல்வேன்.

மின்சாரக் காரில் கியரே இல்லையா?

ஒன்று இருக்கிறது. மாற்றுவதற்குத்தான் இல்லை. மோட்டார் பூஜ்யம் சுற்றிலேயே முழு இழுவையும் தரும், 12,000 சுற்றுக்கு மேலும் போகும். அதனால் கிளட்ச்சும் வேண்டாம், பல கியரும் வேண்டாம். 9-க்கு 1 என்ற அளவில் வேகத்தைக் குறைக்கும் ஒரு பல்சக்கரத் தொகுதி, பிறகு டிஃபரன்ஷியல், பிறகு ஆக்ஸில். 100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 சுற்று சுழல்கிறது. முன்னால் சொன்ன பெட்ரோல் கார் எஞ்சின் ஐந்தாம் கியரில் 2,700 சுற்றில் ஓடும். மோட்டாரோ 8,000 சுற்றில் ஓடும், சத்தமே இருக்காது. ரிவர்ஸ் கியரும் இல்லை, மோட்டார் தலைகீழாகச் சுழலும்.

200 நியூட்டன் மீட்டர் மோட்டாரை 9-ஆல் பெருக்கினால் 1,800. நின்ற இடத்திலேயே, கிளட்ச் தேயாமல். டயருக்கு இது அதிகம்தான், அதனால்தான் இவிகளில் டிராக்ஷன் கன்ட்ரோல் ஓயாமல் வேலை செய்கிறது, மிதித்து ஓட்டுபவர்களுக்கு டயரும் சீக்கிரம் வழுக்கையாகிறது. காலை எடுத்தால் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்.

இவியில் மோட்டார் முன்னால் இருப்பது நல்லதா, பின்னாலா?

பெட்ரோல் காரின் உடலிலேயே மோட்டார் வைத்த நெக்ஸான் போன்றவற்றில் முன்னால். மஹிந்திரா பிஇ 6 போல இவியாகவே பிறந்தவற்றில் பின்னால். ஹாரியர் இவியில் பின்னால் ஒன்று, அல்லது முன்னும் பின்னும் இரண்டு. மிதிக்கும்போது பாரம் பின்னுக்குச் சாயும் என்பதால் பின் மோட்டாருக்குப் பிடிப்பு அதிகம். ஊருக்குள் ஓட்ட இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு மோட்டார் வண்டியில் முன்னையும் பின்னையும் இணைக்கக் கம்பியே கிடையாது. கம்ப்யூட்டர்தான் பங்கு பிரிக்கிறது.

ஹைபிரிட்?

டொயோட்டா முறையில் (ஹைகிராஸ், ஹைரைடர்) எஞ்சினும் இரண்டு மோட்டாரும் ஒரு பிளானட்டரி கியரில் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சின்னப் பல்சக்கரங்கள் ஓடும் தொகுதி) கூடுகின்றன. யார் எவ்வளவு இழுப்பது என்பது நொடிக்கு நொடி மாறும். ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் ஊருக்குள் பெரும்பாலும் எஞ்சின் கரன்ட் மட்டும் தயாரிக்கும், மோட்டார் இழுக்கும். ஹைவே வேகத்தில் ஒரு கிளட்ச் பிடித்து எஞ்சின் நேராகச் சக்கரத்துக்குப் போகும். 'மைல்ட் ஹைபிரிட்' என்று எழுதியிருப்பது எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன மோட்டார்தான், தனியாக அது வண்டியை ஓட்டாது.

ஸ்கூட்டரில் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிறதே, காரில் ஏன் இல்லை?

டிவிஎஸ் ஐகியூப் போன்ற ஸ்கூட்டர்களில் சரி. காரில் அவ்வளவு பெரிய மோட்டாரைச் சக்கரத்தில் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடையும் சக்கரத்தோடு குதிக்கும், சஸ்பென்ஷனுக்குக் கட்டுப்படாது. தண்ணீருக்கும் அடிக்கும் முதலில் ஆளாவதும் அதுதான்.

நின்றுபோன இவியைக் கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழலும். அதில் காந்தம் இருப்பதால் கரன்ட் உண்டாகி மின்சாதனங்களைக் கெடுக்கும். இழுக்கும் சக்கரங்கள் தரையில் படக்கூடாது, தட்டையான மேடை உள்ள ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் இதுவே பாதுகாப்பு. எஞ்சின் ஓடாதபோது கியர்பாக்ஸுக்குள் ஆயில் பம்ப் ஓடாது.

கியர் ஆயில் எப்போது மாற்ற வேண்டும்?

வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றுங்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் கணக்குப் பார்க்காமல் உடனே. சிவிடிக்கு அதற்கென்று சொன்ன ஆயில்தான், சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கும். இவியில் எஞ்சின் ஆயில் இல்லையே என்று சந்தோஷப்படுபவர்கள் கவனிக்க: மோட்டாரை ஒட்டிய அந்த 9-க்கு 1 பல்சக்கரத் தொகுதியிலும் ஆயில் உண்டு, அதற்கும் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும்.